ஹம் மாநகரின் தல வரலாறு
திருவிழாவுக்கு முதன்முறையாகச் செல்வோர்க்குச் சில குறிப்புகள்



ஒரு தலத்துக்கு யாத்திரை புறப்படுமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிந்து செல்வது நம் முன்னோர் வழக்கம். மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் ஓர் ஆலயத்தின் பெருமையைப் பேசுவார்கள். ஜேர்மனியில் வாழும் நம்மவர்க்கு ஹம் என்றதும் ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயமே நினைவுக்கு வரும். ஆக, மூர்த்தியை நாம் நன்கு அறிவோம். தலத்தையும் தீர்த்தத்தையும் அறிவோமா?

தேர்த் திருவிழா நாளில் நெடுஞ்சாலையை விட்டிறங்கித் தொழிற்பேட்டையில் வாகனத்தை நிறுத்துகிறோம். அர்ச்சனை செய்து, தேரின் வடம் பிடித்து, அன்னதானம் உண்டு, கடைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். பல ஆண்டுகளாகப் போய்வரும் குடும்பங்களிற்கூட நகரின் நடுவே கால் வைத்தவர்கள் சிலரே. "அம்பாள் ஏன் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறா?" என்று பிள்ளைகள் கேட்டால், "காணி அங்கேதான் கிடைத்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் அந்தக் காணி அங்கே கிடைத்ததற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடம்பெயர்ந்தோர் எழுப்பிய ஊர்

ஹம் நகரம் வட ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில், ரூர் தொழிற்பிரதேசத்தின் கிழக்கு எல்லையில் உள்ளது. இன்று அங்கு ஏறக்குறைய 1,80,000 பேர் வாழ்கின்றனர். லிப்பே என்னும் நதியும் ஆஸே என்னும் சிற்றாறும் கூடுமிடத்தில் எழுந்த ஊர் இது. இரு நீர்களுக்கும் இடைப்பட்ட மூலை நிலம் என்பதிலிருந்தே ஹம் என்ற பெயர் வந்தது. நதிகள் கூடுமிடத்தைக் கூடல் என்று போற்றும் நமக்கு இந்தப் பெயர்க் காரணம் எளிதில் விளங்கும்.

ஊர் தோன்றிய கதை நம்மவர் மனத்தைத் தொடக்கூடியது. 1225ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கொலோன் பேராயர் எங்கெல்பெர்ட் வழியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குத் தலைமை தாங்கியவர் ஈசன்பேர்க் பிரபுவான பிரடெரிக். லிப்பே நதிக்கரையில் அவருக்கு நீன்புரூகே என்னும் கோட்டையும் ஊரும் இருந்தன. கொலைக்குத் தண்டனையாக அவ்வூர் அழிக்கப்பட்டது. பிரடெரிக்கின் உறவினரும் மார்க் நாட்டுப் பிரபுவுமான அடொல்ப், வீடிழந்த அந்த மக்களைச் சற்றுத் தள்ளியிருந்த ஆற்று மூலையில் குடியமர்த்தி, 1226இல் ஹம் என்ற புதிய நகரை நிறுவினார். பிரபுக்களின் பகையில் ஊரை இழந்த குடிமக்களே இந்நகரின் முதற் குடிகள். ஹம் தன் முதல் நாளிலேயே இடம்பெயர்ந்தோரின் ஊராக இருந்தது. 2026ஆம் ஆண்டுடன் அது நடந்து 800 ஆண்டுகள்.

நகரின் நடுவில் நிற்கும் புனித பவுல் தேவாலயம் அந்தப் பழைய காலத்தின் அடையாளம். இரண்டாம் உலகப் போரில் சிதைந்து பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. புகையிரத நிலையத்திலிருந்து நடந்தே அங்கு போகலாம். முதன்முறை வருவோர் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

புகையிரதமும் போரும்

மத்திய காலத்தில் வணிக நகராக இருந்த ஹம், பின்னர் வெகுகாலம் சிறிய ஊராகவே இருந்தது. அதன் தலைவிதியை மாற்றியது புகையிரதம். கொலோனையும் மின்டன் நகரையும் இணைக்கும் இருப்புப் பாதை 1847இல் ஹம் வழியாகத் திறக்கப்பட்டது. ரூர் பிரதேசத்தின் கரியும் இரும்பும் கிழக்கே போவதற்கும் கிழக்கின் தானியமும் மனிதரும் மேற்கே வருவதற்கும் ஹம் வாசலாயிற்று. சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் அதன் நிலையம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. இரும்புக் கம்பி இழுக்கும் ஆலைகளும் பெருகின. இன்றும் பேர்லினிலிருந்து வரும் கடுகதிப் புகையிரதங்கள் ஹம்மில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு வழியாகக் கொலோன் செல்வதை அவ்வழியில் பயணம் செய்த அன்பர்கள் கண்டிருப்பார்கள். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊர் செய்துவரும் வேலையின் தொடர்ச்சியே அது.

வாழ்வு தந்த இருப்புப் பாதையே போர்க்காலத்தில் ஊருக்கு வினையாயிற்று. சரக்கு நிலையத்தை முடக்குவதற்காக 1940 முதல் நேச நாட்டு விமானங்கள் மீண்டும் மீண்டும் குண்டு வீசின. 1945இல் பழைய நகரின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது. ஊரின் மையத்தில் பழைய வீடுகள் குறைவாகவும் ஐம்பதுகளின் எளிய கட்டடங்கள் அதிகமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுத் திரும்பிவிடுவோர் இந்த இழப்பை மனதிற் கொள்ள வேண்டும். குண்டு விழுந்த ஊரின் கோலம் எப்படி இருக்கும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான்கு சுரங்கங்கள்

ரூர் பிரதேசத்தின் நிலக்கரிப் படுகை வடக்கும் கிழக்குமாகச் செல்லச் செல்ல ஆழமாகிறது. எனவே ஹம் பகுதியில் சுரங்கத் தொழில் தாமதமாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வந்தது. வந்ததும் நகரைச் சுற்றி நான்கு பெருஞ் சுரங்கங்கள் எழுந்தன. மேற்கே ஹெறிங்கன் பக்கம் எழுந்தது ஹைன்றிக் ரொபேர்ட். லொறேன் நாட்டு இரும்பு முதலாளிகளான தெ வெந்தல் குடும்பத்தினர் தங்கள் பெயரையே அதற்கு இட்டனர். கிழக்கே மாக்சிமிலியான். அது பவேரியாவின் மாக்சிமிலியான் இரும்பாலைக்காரர் தோண்டியது. வடக்கே ஹேசன் பகுதியில் சாக்சன். அதன் உரிமையாளர் மான்ஸ்பெல்ட் நிறுவனத்தார், சாக்சனி மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வடமேற்கே றாட்பொட். இவ்வாறு பணம் போட்டவர்களிற் பலரும் வெளியிலிருந்து வந்தவர்களே.

வேலை செய்ய வந்தவர்களும் அப்படியே. ரூர் சுரங்கங்களுக்கு அன்றைய பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து போலிஷ் மொழி பேசும் மக்கள் இலட்சக்கணக்கில் வந்தனர். அவர்கள் தங்கள் மொழியிற் பூசை வேண்டும் என்றும் தங்கள் சங்கங்களும் பத்திரிகைகளும் வேண்டும் என்றும் கேட்டபோது அதிகாரிகள் ஐயக் கண்ணுடன் பார்த்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜேர்மானியக் குடும்பங்கள் வந்தன. 1961இல் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டபின் அனற்றோலியக் கிராமத்து இளைஞர்கள் வந்து நிலத்தடியில் இறங்கினர். சுரங்கக் கம்பனிகள் தொழிலாளருக்காகக் கட்டிய செங்கல் வீட்டு வரிசைகளைக் குடியேற்றங்கள் என்றே அழைத்தனர். ஒவ்வொரு வீட்டின் பின்னும் சிறு தோட்டம் இருந்தது. அதில் உருளைக்கிழங்கும் கோவாவும் பயிரிட்டு, ஓர் ஆடும் வளர்த்தார்கள். ஆட்டைச் சுரங்கக்காரனின் பசு என்று சொல்வார்களாம். நம் ஊர்க் கொட்டிலை நினைவூட்டும் செய்தி இது.

அந்த வாழ்க்கையின் விலை என்ன என்பதை றாட்பொட் சொல்கிறது. 1908 நவம்பர் 12ஆம் தேதி அதிகாலையில், இரவு வேலைக்காரர் நிலத்தடியில் இருந்தபோது, அங்கே பெரு வெடிப்பு நிகழ்ந்தது. தீ அடங்கவில்லை. இறுதியில் உள்ளே சிக்கியவர்களை வெளியே எடுக்குமுன்பே சுரங்கத்தை நீரால் நிரப்பித் தீயை அணைக்க முடிவு செய்தனர். ஏறக்குறைய 350 பேர் மாண்டனர். ஜேர்மனி அதுவரை கண்ட சுரங்க விபத்துக்களிலே கொடியது அதுதான். கிணற்று வாயிலிற் காத்து நின்ற பெண்களுக்கு அந்த நீர் எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும்! ஹோவெல் பகுதி மயானத்தில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஆட்களையும் கரியையும் இழுத்த மூன்று இரும்புக் கோபுரங்கள் இன்றும் தொலைவிலிருந்தே தெரியும். வடமேற்குப் பக்கமாகப் போகும் அன்பர்கள் அங்கே ஒரு நிமிடம் நின்று வரலாம். சமயம் வேறாயினும், பிழைக்க வந்த ஊரில் உயிர் விட்டவர்களுக்குச் செலுத்தும் அஞ்சலி யாருக்கும் உரியதே.

சாக்சன் சுரங்கம் 1976இலும், றாட்பொட் 1990இலும் மூடப்பட்டன. ஹைன்றிக் ரொபேர்ட் பிற்காலத்தில் கிழக்குச் சுரங்கம் என்னும் பெயருடன் இயங்கி, 2010 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. அத்துடன் ஹம்மில் கரி எடுப்பது நின்றது. 2018 டிசம்பரில் பொட்றொப் நகரின் கடைசிச் சுரங்கமும் மூடியபோது ஜேர்மனி முழுவதிலும் நிலத்தடிக் கல்கரி யுகம் முடிந்தது. வெளிநாட்டுக் கரியும் எண்ணெயும் மலிவாக வந்ததும், ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியதுமே காரணம்.

கண்ணாடி யானை

நான்கு சுரங்கங்களில் மாக்சிமிலியானின் கதை தனிக் கதை. 1902இல் தோண்டத் தொடங்கிய நாள்முதல் தண்ணீர் அதை விடவில்லை. சில ஆண்டுகளே கரி எடுத்தனர். 1914இல் வெள்ளம் புகுந்து மூழ்கடித்தது. முயற்சி கைவிடப்பட்டு, பல்லாண்டு காலம் அந்த நிலம் பற்றை மண்டிக் கிடந்தது. நட்டக் கணக்கில் எழுதி மறந்துவிட்ட இடம்.

1984இல் அம்மாநிலத்தின் முதலாவது தோட்டக் கண்காட்சியை நடத்த ஹம் நகரம் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது. எஞ்சி நின்ற கரி கழுவும் கட்டடத்தை இடிக்காமல், ஹோர்ஸ்ட் றெலெக்கே என்னும் கலைஞர் அதன்மேல் கண்ணாடியாலும் இரும்பாலும் ஒரு மாபெரும் யானையை எழுப்பினார். ஏறக்குறைய 35 மீட்டர் உயரம். துதிக்கைக்குள் லிப்ட் ஏறி இறங்குகிறது. உச்சியிலிருந்து சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்க்கலாம். அந்த யானை இன்று ஹம் நகரின் அடையாளமாகிவிட்டது.

அந்தக் கலைஞர் பிள்ளையாரை மனதில் வைத்து அதைச் செய்யவில்லை. அம்பாள் ஆலயம் அப்போது எவருடைய எண்ணத்திலும் இல்லை. ஆயினும் நகர நடுவிலிருந்து அம்பாளைத் தரிசிக்கக் கிழக்கே போகும் வழியில் ஒரு யானை முதலில் நிற்பதைக் காணும் நம்மவர் புன்னகையோடு ஒரு கும்பிடு போடுவதில் யாருக்கும் நட்டமில்லை. பிள்ளைகளோடு செல்வோர் அந்தப் பூங்காவுக்கென்று இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. வண்ணத்துப்பூச்சிகள் பறந்து திரியும் கண்ணாடி வீடும் அங்கே உண்டு.

தோரியம் உலையும் மணவாளக்குறிச்சி மணலும்

யானையைக் கடந்து மேலும் கிழக்கே சென்றால் ஊன்ட்ரொப். கரி மட்டுமே ஊரைக் காப்பாற்றாது என்று உணர்ந்த காலத்தில், அங்கே புது யுகத்தின் தொழிலைக் கொண்டுவர முயன்றனர். வெஸ்ட்பாலியன் மின் நிலையத்தின் பக்கத்தில் தோரியத்தைப் பயன்படுத்தும் அணு உலை ஒன்றைக் கட்டினர். தோரியத்தையும் யுரேனியத்தையும் உள்ளடக்கிய, டென்னிஸ் பந்தளவான கரியக் குண்டுகள் ஆறு இலட்சத்துக்கு மேல் அதற்குள் குவிக்கப்பட்டன. 300 மெகாவாட் உலை.

தோரியம் நமக்கு அந்நியமான பொருளன்று. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அந்தக் கரையின் மணலில் மொனசைற் கனிமம் இருப்பதை 1909இல் கண்டறிந்தவர் ஷோம்பெர்க் என்னும் ஜேர்மானிய வேதியியலாளர். இறக்குமதியான தென்னங் கயிற்றிலும் தும்பிலும் ஒட்டியிருந்த மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது. அக்காலத்தில் தோரியம் காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. நம் கடற்கரை மணலைத் தேடி ஜேர்மானியர் வந்து முக்கால் நூற்றாண்டுக்குள், அதே தனிமத்தை நம்பிக் கட்டிய உலையின் அயலுக்கு நம்மவர் வந்து சேர்ந்தனர் என்பது காலத்தின் விளையாட்டுத்தான்.

அந்த உலையின் ஆயுளோ மிகக் குறுகியது. 1985இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1986 மே மாதத்தில், செர்னோபில் விபத்து நடந்த சில நாட்களில், அங்கும் ஒரு கசிவு ஏற்பட்டு மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. 1989இல் நிரந்தரமாக மூட முடிவாயிற்று. முழு வலுவில் இயங்கிய காலத்தைக் கூட்டிப் பார்த்தால் 423 நாட்களே. அதன் பெரிய குளிர்விப்புக் கோபுரம் 1991இல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் அருகிலே இரண்டு புதிய கரி மின் பிரிவுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று முறையாக இயங்காமலே கைவிடப்பட்டது. மற்றது 2014இல் தொடங்கி 2021இல் கரி மின் உற்பத்தியிலிருந்து விலகியது.

தீர்த்தமும் தலமும்

இப்போது தீர்த்தத்துக்கு வருவோம். தீர்த்தத் திருவிழாவில் அம்பாள் நீராடும் அந்த நீர், டட்டெல்ன்-ஹம் கால்வாய். இயற்கையான ஆறன்று. கரியையும் சரக்கையும் படகிலேற்றி ரூர் பிரதேசத்தின் மற்றக் கால்வாய்களுடன் இணைப்பதற்காக வெட்டப்பட்டது. 1914இல் ஹம் வரை திறக்கப்பட்டுப் பின்னர் கிழக்கே நீட்டப்பட்டது. லிப்பே நதியின் நீரை ஹம்மில் வாங்கி மேற்குப் பகுதிக் கால்வாய்களுக்குக் கொடுப்பதும் அதுவே. நீன்புரூகே மக்கள் குடியேறிய காலத்திலும் கம்பி ஆலைகள் எழுந்த காலத்திலும் ஓடிய அதே லிப்பே. தொழிலாளர் தோண்டிய அந்த வாய்க்காலை அம்பாளுக்குரிய தீர்த்தமாக்கியது நம் அடியார்களின் பக்தி.

ஆலயத்தின் கதை பெரியோர்க்குத் தெரிந்ததே. இளையோருக்காகச் சொல்கிறோம். 1983 இனக் கலவரத்தின் பின் இலங்கையிலிருந்து தமிழர் பெருந்தொகையாக ஜேர்மனிக்கு வந்தனர். சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள் 1985இல் வந்தார். 1989இல் ஹம்மில் ஒரு வீட்டின் நிலவறையில் அம்பாளுக்குச் சிறு வழிபாட்டிடம் அமைந்தது. உலையை மூட முடிவெடுத்த ஆண்டும் அதுவே. பின்னர் முன்னாட் சலவைச்சாலை ஒன்று ஆலயமாக்கப்பட்டது. 1993 முதல் அம்பாள் வீதியுலா வந்தாள். ஆண்டுக்கு ஆண்டு அடியார் கூட்டம் பெருகியது. வாகன நெரிசலும் சத்தமும் பெருகின. அயலவர் முறையிட்டனர். அந்த முறைப்பாட்டை நாம் வெறும் வெறுப்பென்று தள்ளிவிடக் கூடாது. நம் ஊரிலும் ஒடுங்கிய வீதியில் பல்லாயிரம் பேர் ஒருநாளில் வந்திறங்கினால் அயலவர் முகம் சுளிப்பார்கள்.

மாநகர அதிகாரிகளும் ஆலயத்தாரும் பேசினர். வீடுகள் நெருங்கியிராத, இடம் தாராளமாக உள்ள, கால்வாய்க்கு அருகான ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் காணி பெறப்பட்டது. ஹம் நகரக் கட்டடக் கலைஞரான ஹைன்ஸ்-றைனர் ஐக்கோர்ஸ்ட் கட்டட வரைபடத்தைச் செய்தார். இந்தியாவிலிருந்து சிற்பிகள் வந்து கோபுரத்தைச் சுதை வேலையால் நிறைத்தனர். 17 மீட்டர் உயரமான இராஜகோபுரத்துடன் 2002 ஜூலை 7ஆம் தேதி கும்பாபிஷேகம் நிறைவேறியது. பெருந்தொழில் தேய்ந்துவரும் ஊரில் அதன் தொழிற்பேட்டை நிலம் ஆலயத்துக்குக் கிடைத்தது. "காணி அங்கேதான் கிடைத்தது" என்ற பதிலின் முழுப் பொருள் இதுவே.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஹம்மில் மனிதர் என்றென்றைக்கும் என்று எண்ணிக் கட்டியவை பல. நூறாண்டு நிலைத்தது ஒரு சுரங்கம். ஏழெட்டு ஆண்டும் கரி தராமல் மூழ்கியது இன்னொன்று. கோடிக்கணக்கில் செலவிட்ட உலை 423 நாட்களோடு அடங்கியது. அவற்றுள் எவை இன்றும் நிற்கின்றன என்று பாருங்கள். எவரேனும் விரும்பி வேறொரு பயனைக் கொடுத்தவையே நிற்கின்றன. கரி கழுவிய கட்டடம் யானையாகிப் பிள்ளைகளை மகிழ்விக்கிறது. சாக்சன் சுரங்கத்தின் இயந்திர மண்டபம் இன்று விழா மண்டபமாக விளங்குகிறது. கரிப் படகு ஓடவென்று வெட்டிய கால்வாய் தீர்த்தமாகியுள்ளது.

இது நமக்கும் பொருந்தும். நம் ஆலயத்தை எழுப்பியவர்கள் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் இரவு பகலாய் உழைத்துச் சேர்த்த பணத்தைத் தந்தார்கள். அந்தத் தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. கோபுரத்தின் உறுதி சுண்ணாம்பில் மட்டும் இல்லை. அடுத்த தலைமுறை அங்கே தனக்கொரு பொருளைக் காண்கிறதா என்பதில்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் ஹம்மை ஆண்டுக்கொருநாள் வாகனம் நிறுத்தும் இடமாக மட்டும் அறிந்தால், ஆலயமும் அவர்களுக்கு ஒருநாட் காட்சியாகவே முடிந்துவிடக்கூடும். இடம்பெயர்ந்தோர் எண்ணூறு ஆண்டுகளாக வந்து வந்து கட்டிய ஊர் இது, அந்த வரிசையிற் கடைசியாக வந்து நிற்பவர்களுள் நாமும் உள்ளோம் என்று அறிந்தால், அவர்கள் அந்த மண்ணில் விருந்தாளியாக அன்றி உரிமையோடு நிற்பார்கள்.

ஆகவே அடுத்த திருவிழாவுக்கு முதல்நாளே புறப்படுங்கள். புகையிரதத்திலே சென்று நிலையத்தில் இறங்குங்கள். பவுல் தேவாலயத்தின் முன் நின்று நீன்புரூகே மக்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நேரமிருந்தால் றாட்பொட் கோபுரங்களைப் பாருங்கள். யானையின் உச்சியில் ஏறிக் கிழக்கே நோக்குங்கள். பின்னர் கால்வாய்க் கரையோரமாக ஆலயத்துக்குச் செல்லுங்கள். தலத்தையும் தீர்த்தத்தையும் அறிந்தபின் மூர்த்தியின் முன் நிற்கும்போது கும்பிடும் கைகளுக்குக் காரணம் இன்னும் ஒன்று கூடியிருக்கும்.

அன்னை காமாட்சி அனைவர்க்கும் அருள் புரிவாளாக.